வழிமொழிய ஆளில்லாத சார்ஜர்

சுங்கை கெலாடித் தோட்ட இந்தியர் நலன் மேம்பாட்டுச் சங்கத்தில் எதைச் செய்வதானாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். இது இல்லாமல் அங்கே மின்விசிறிகூடச் சுற்றாது. மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். போன ஆண்டுக் கூட்டத்தில் விசிறியைப் போடச் சொல்லி ஒருவர் முன்மொழிந்தார். அவர் விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்ததை மற்றவர்கள் கவனித்துவிட்டார்கள். சொந்த லாபத்துக்காகக் கொண்டுவந்த தீர்மானம் என்று சந்தேகம் எழுந்தது. வழிமொழிய யாரும் முன்வரவில்லை. அறிக்கை வாசித்து முடியும்வரை சபை முழுதும் வேர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட சங்கத்துக்குத்தான் மடிக்கணினிகள் வந்து சேர்ந்தன.

தோட்டம், புக்கிட் பெலண்டோக் ஊரிலிருந்து பிரிந்து உள்ளே போகும் சாலையின் கடைசியில் இருக்கிறது. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து வெகு காலமாகிறது. குலை வெட்டுவது வங்காளதேசத்து ஆட்கள். நம்மவர்கள் வரிசையாக ஒட்டிக்கட்டிய லயத்து வீடுகளில் குடியிருந்துகொண்டு செனாவாங் தொழிற்சாலைகளுக்கு வேன் ஏறிப் போகிறார்கள். தோட்டத்தில் தமிழர்கள் கையில் மிச்சமிருக்கும் பதவிகள் சங்கத்துப் பதவிகள் மட்டும்தான். அவற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால் வேறு எந்த வேலைக்கும் அவர்களுக்குக் கை மிச்சமில்லை.

தலைவர் இராஜமாணிக்கத்தின் அப்பா இதே தோட்டத்தில் மண்டோர். செயலாளர் சதீசனின் அப்பா கந்தையா இங்கே கிராணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மண்டோர் ஆட்களை வேலைக்கு விரட்டினார், கிராணி அவர்கள் பேரை எழுதினார். இருவரில் யார் யாரை அதிகம் ஏமாற்றினார் என்ற விசாரணையை மகன்கள் இன்றுவரை தொடர்ந்து நடத்திவந்தார்கள். இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால் அதற்கு நேரமும் இருந்தது.

'மின்னியல் மறுமலர்ச்சித் திட்டம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பாதி மடிக்கணினிகளைத் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகரிடம் கேட்டு வாங்கினார். மறுபாதியைச் செயலாளர் தம்மோடு வங்கியில் வேலை பார்த்தவர்களிடம் வாங்கினார். எல்லாம் அலுவலகங்களில் உழைத்துக் களைத்தவை. தலைவர் கொண்டுவந்தவற்றுக்குச் சார்ஜர் முனை உருண்டை. செயலாளர் கொண்டுவந்தவற்றுக்கு, இப்போதைய கைப்பேசிகளுக்கு இருப்பதைப் போல, சின்னதாய்ச் சப்பை முனை. பெட்டியைப் பிரித்தபோது யாரும் இதைக் கவனிக்கவில்லை. முதல் பொன்னாடை யாருக்கு என்ற பேச்சில் எல்லாரும் மும்முரமாக இருந்தார்கள்.

விழாவன்று குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. ரிப்பன் வெட்டுவது பழைய பாணி என்பதால், டத்தோ அவர்கள் தம் பொற்கரத்தால் ஒரு மடிக்கணினிக்குச் சார்ஜர் செருகித் திட்டத்தைத் தொடக்கிவைப்பார் என்று அறிவித்தார்கள். மேசையில் மஞ்சள் துணி, அதன் மேல் மாலை போட்ட மடிக்கணினி. தலைவர் தாம்பாளத்தில் சார்ஜரை வைத்து நீட்டினார். டத்தோ எடுத்தார், செருகினார், போகவில்லை. திருப்பிச் செருகினார், போகவில்லை. உருண்டை முனை சப்பை வாயில் எப்படிப் போகும்? ஆனால் அதற்குள் கெட்டிமேளம் முழங்கத் தொடங்கிவிட்டது. பாதியில் நிறுத்தினால் ஆகாது என்று மேளக்காரர்கள் நிறுத்தவில்லை. டத்தோ கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி கையால் குத்திக்கொண்டே இருந்தார். மகளிர் பிரிவினர் பூத்தூவினார்கள்.

டத்தோவின் கார் கேட்டைத் தாண்டியதும் தலைவர் கேட்டது ஒரே கேள்விதான். "மாத்தி வெச்சது யாரு?"

தவறு நடந்துவிட்டது என்று ஒருவரும் நினைக்கவில்லை. சங்கத்தில் தவறே நடப்பதில்லை, சதி மட்டும்தான் நடக்கும். மடிக்கணினியை மேசையில் வைத்தது செயலாளரின் ஆள் என்றார்கள் ஒரு பக்கம். சார்ஜரைத் தட்டில் வைத்தது தலைவரே என்றார்கள் மறுபக்கம். அன்று சாயங்காலத்துக்குள் தோட்டம் இரண்டாகிவிட்டது. உருண்டைக்காரர்கள் தலைவர் பக்கம், சப்பைக்காரர்கள் செயலாளர் பக்கம். மடிக்கணினியைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட ஓர் அணியில் சேர்ந்துகொண்டு எதிர் வீட்டுக்காரரைச் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். ஒரு வீட்டில் அண்ணன் உருண்டை, தம்பி சப்பை. இருவருக்கும் சேர்த்து ஒரே உலையில் சோறு வடித்த தாயை இருவருமே நம்பவில்லை.

நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. சங்கத்தின் அதிகாரபூர்வ முனை எது என்று சிறப்புப் பொதுக்கூட்டம் முடிவு செய்யும்வரை, விழாவில் உறுப்பினர்களுக்குக் கொடுக்கப்பட்ட எல்லா மடிக்கணினிகளின் சார்ஜர் வாயிலும் சங்க முத்திரை போட்ட காகிதத்தை ஒட்டி மூடிவிடுவது. சார்ஜர்களைத் திரும்ப வாங்கி மண்டபத்து அலமாரியில் வைத்து இரண்டு பூட்டுப் போடுவது, ஒரு சாவி தலைவரிடம், மற்றது செயலாளரிடம். முத்திரையைக் கிழித்தவரிடமிருந்து மடிக்கணினியை அங்கேயே பறிமுதல் செய்வது. இந்தத் தீர்மானத்துக்கு மட்டும் முன்மொழியவும் வழிமொழியவும் ஆட்கள் முண்டியடித்தார்கள்.

முத்திரைகளைக் கண்காணிக்க வசந்தன் என்பவரை நியமித்தார்கள். அவர் எந்த அணி என்று யாருக்கும் தெரியாது. அதனால் இரு அணியுமே அவரை நம்பவில்லை. இருவருமே நம்பாத ஒரே ஆள் என்ற தகுதியில் அவர் ஏகமனதாகத் தேர்வானார். மறுநாளே 'முத்திரைப் பரிசோதகர்' என்று அட்டை அடித்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, மோட்டாரில் வீடு வீடாகப் போய் மடிக்கணினிகளின் இடுப்பில் டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

மாதவிக்கு இந்த விவகாரத்தில் எந்தப் பக்கமும் கிடையாது. அவளுக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருந்தவள். மாமனார் வீரமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்து, பேச்சும் போனபோது, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விட்டாள். கணவன் தேவன் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். விடியுமுன் போனால் சாயங்காலம்தான் வருவான். ஒருவர் சம்பளத்தில் வீடு தள்ளாடியது. "அப்பாவ எதாச்சும் ஹோம்ல சேத்துட்டா, நீ மறுபடியும் வேலைக்குப் போவலாம்" என்று அப்பா தூங்கும் நேரத்தில் தேவன் ஒருமுறை சொன்னான். சொல்லிவிட்டு அன்று முழுதும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தாயில்லாத மாதவியைக் கல்யாணத்தன்று வாசலில் நின்று "வாம்மா" என்று கூப்பிட்டவர் அந்த மனுஷன். அவரைக் கொண்டுபோய் எங்கே விடுவது?

அப்போதுதான் சிரம்பானில் ஒரு நிறுவனம் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்க ஆள் தேடியது. வாடிக்கையாளர்களின் புகார்களைக் கணினி வழியாகக் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. முதல் சுற்றில் தொலைபேசியில் பேசித் தேறிவிட்டாள். இரண்டாம் சுற்று திங்கட்கிழமை காலை. கைப்பேசி கூடாது, மடிக்கணினி கட்டாயம், திரையில் வேலை செய்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சங்கம் கொடுத்த மடிக்கணினி இருந்தது. இருந்த சார்ஜில் பழகிப் பார்த்தாள், அது தீர்ந்துபோய்த் திரை கறுத்தது. சார்ஜர் வாய் முத்திரைக்கு அடியில் இருந்தது.

தலைவர் வீட்டுக்குப் போனாள். அவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"நீ எந்த முனை?" என்றார் எடுத்ததும்.

"எனக்குக் குடுத்தது சப்ப, தலைவரே."

"அப்ப நீ செயலாளர் ஆளு."

"நான் யாரு ஆளும் இல்ல தலைவரே. திங்கக்கெழம இன்டர்வியூ இருக்கு. ஒருநாளைக்கி சார்ஜர் குடுத்தாப் போதும்."

தலைவர் கோப்பியைக் கீழே வைத்தார். மேடை இல்லாத இடத்திலும் அவருக்கு மேடைக் குரல்தான் வரும். "அந்தச் சப்பையப் பாத்திருக்கியா நீ? இப்படிச் சொருகினாலும் போவுது, திருப்பிச் சொருகினாலும் போவுது. எது மேல, எது கீழன்னு அதுக்கே தெரியாது. இத அரசியல்ல என்னான்னு சொல்லுவாங்க? தவள! இன்னிக்கி இந்தக் கட்சி, நாளைக்கி அந்தக் கட்சி."

"உருண்டையும் எப்படித் திருப்பினாலும் போவுதே, தலைவரே."

"அது வேற லா. அதுக்குப் பக்கமே கெடையாது. அது நடுநிலை." கொஞ்சம் யோசித்துத் தொடர்ந்தார். "இன்னொன்னு கேளு. அந்தச் சப்பையில கரண்டும் தகவலும் ஒரே வழியா போவுதாம். பணம் போற வழியிலயே கணக்கும் போனா ஒரு சங்கம் உருப்படுமா? நான் தலைவரான நாள்லேருந்து நம்ம சங்கத்துல பணம் ஒரு வழி, கணக்கு ஒரு வழி. ரெண்டும் சந்திச்சதே இல்ல. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு."

கேட்டுப் பார்க்கத் தேவையில்லை, தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவருக்குப் பின்னால் சுவரோரம் அவருடைய கைப்பேசிக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. முனை சப்பை. மாதவி அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதைத் தலைவர் பார்த்தார். பேப்பரை எடுத்து அதன் மேல் போட்டார்.

"செயலாளர் மொதல்ல சாவிய போடட்டும், அப்புறம் நான் போடுறேன்" என்று பேச்சை முடித்தார்.

செயலாளர் வீட்டில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். சதீசன் மென்மையாகப் பேசுபவர். அவர் மென்மையாகப் பேசினால் ஏதோ இருக்கிறது என்று உருண்டைக்காரர்கள் சொல்வார்கள்.

"பாருங்கோ பிள்ளை, உருண்டை முனை எண்டால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு சைஸ். ஒண்டு தடிப்பு, ஒண்டு மெல்லிசு. டிசிப்ளின் இல்லை. சப்பை அப்பிடியில்லை. உலகம் முழுக்க ஒரே வாசல். சங்கத்துக்கும் நான் அதைத்தான் சொல்லுறன். கடிதமோ, காசோ, ஆளோ, எல்லாம் ஒரே வாசலாலே வரவேணும்."

"எந்த வாசல், சார்?"

"செயலாளர் அறை வாசல்."

சார்ஜரைப் பற்றிக் கேட்டாள். அவருடைய முகம் வருத்தத்தால் நிறைந்தது. இடுப்பில் தொங்கிய சாவியைத் தட்டிக்காட்டினார். "என்ர திறப்பு எப்பவும் ரெடி. ஆனால் நான் முதல்லே போட்டால், சதீசன் அலமாரியைத் திறந்திட்டார் எண்டு அவை கதை கட்டுவினம். அவர் முதல்லே போடட்டும், பிள்ளை. உங்களுக்காக நான் பிரார்த்திக்கிறன்."

அலமாரி அப்படியே இருந்தது. இரண்டு சாவிகளும் இரண்டு இடுப்பில் இருந்தன.

அதற்கிடையில் தம்பின் ஊரில் ஒரு சங்கம் இதேபோன்ற திட்டத்தை நடத்துவதாகக் கேள்விப்பட்டு, நேரில் ஆராய ஆய்வுக்குழு புறப்பட்டது. ஒரு வேனில் போனால் வழியில் பேசிவைத்துக்கொள்வார்கள் என்ற சந்தேகத்தால் இரண்டு வேன். சாயங்காலம் வாட்சப் குழுவில் படங்கள் வந்து குவிந்தன. வாழையிலையில் சாப்பிடும் படம், பொன்னாடை போர்த்தும் படம், போர்த்தப்பட்ட பொன்னாடையைத் திருப்பிப் போர்த்தும் படம். கடைசியாக அறிக்கை வந்தது. 'தம்பின் தோழர்களின் உபசரிப்பு என்றும் மறக்க முடியாதது. கணினி அறை பூட்டியிருந்தது.' அதன் கீழே எல்லாரும் கைகூப்பும் பொம்மைகளைப் போட்டிருந்தார்கள். மாதவி கைப்பேசியை மெத்தையில் எறிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சிறப்புப் பொதுக்கூட்டம். தேவன் வீட்டில் அப்பாவோடு இருந்துகொள்ள, அவனுக்குப் பதிலாக மாதவி மண்டபத்துக்குப் போனாள். நடுவில் வழி விட்டு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் சந்தேகம் வரும் என்று அவள் கடைசியில், செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கே நின்றதற்கும் என்ன அர்த்தம் என்று இரண்டு பக்கமும் குசுகுசுத்தார்கள்.

கடவுள் வாழ்த்துப் பாடினார்கள். மறைந்த உறுப்பினர்களுக்காக மௌனம் அனுசரித்தார்கள். மௌனத்தை நீட்டி எதிரணியின் பேச்சு நேரத்தைத் தலைவர் குறைக்கிறார் என்று சப்பைக்காரர் ஒருவர் மௌனத்தின் நடுவிலேயே ஆட்சேபித்தார். பிறகு பேச்சுகள். சப்பை முனை எங்கிருந்தோ நம்மைக் கண்காணிக்கிறது என்றார் ஒருவர். உருண்டை முனையில் விட்டம் எவ்வளவு என்று கேட்டால் தலைவர் ஏன் மழுப்புகிறார் என்றார் இன்னொருவர். ஒரு பெரியவர் எழுந்து, வெள்ளைக்கார துரை காலத்தில் சார்ஜர் இல்லாமலே தோட்டம் நடந்ததை நினைவூட்டினார். அவருக்குத்தான் அன்று அதிகக் கைத்தட்டல் கிடைத்தது. சங்கத்தின் முனை எது என்பதை முடிவு செய்ய ஒரு துணைக்குழு அமைத்து, மீகூனும் கறிப்பாப்பும் சாப்பிட்டார்கள்.

நிகழ்ச்சி நிரலின் கடைசியில் 'பிற' என்று வந்தபோது மகளிர் பிரிவுத் தலைவி மயிலம்மாள் எழுந்தார். "இந்தப் பொண்ணுக்கு நாளைக்கி இன்டர்வியூ. ஒருநாளைக்கி ஒரு சார்ஜர் குடுக்கணும்னு நான் முன்மொழியிறேன்."

தலைவர் சபையைப் பார்த்தார். "வழிமொழியிறது யாரு?"

ஒரு கையும் எழவில்லை. சப்பைக்காரர் கை தூக்கினால், முடிவு வருமுன்னே சப்பை ஜெயித்துவிட்டதாக ஆகும், உருண்டைக்காரர்கள் வழக்குப் போடுவார்கள். உருண்டைக்காரர் கை தூக்கினால் அவர் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் துரோகி ஆகிவிடுவார். மாதவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளோடு ஒரே வேனில் செனாவாங் போனவர்கள், மாமனார் விழுந்த அன்று தூக்கிக் காரில் ஏற்றியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். சிலர் கறிப்பாப்பின் ஓரத்தைப் பார்த்தார்கள், சிலர் கூரையைப் பார்த்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் அவளுக்கு அதிக ஆத்திரத்தை மூட்டியது.

"வழிமொழிய ஆளில்லாததால தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுது" என்றார் தலைவர்.

"அடுத்த கூட்டம் எப்ப தலைவரே?" என்று மாதவி கேட்டாள்.

"அடுத்த மாசம் பாப்போம். நீ ஒன்னும் கவலப்படாத. சங்கம் எப்பவும் ஒன் பக்கந்தான்."

செயலாளரும் தலையாட்டினார். அன்றைக்கு இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

திங்கட்கிழமை காலை, தேவன் லோரிக்குப் போன பிறகு, மாதவி மாமனாரைக் குளிப்பாட்டிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, தினமும் செய்வதைப் போல் காற்றுக்காக வாசற்படிக்கு உள்ளே நிறுத்தினாள். லயத்து வீட்டு வாசல் குறுகல். நாற்காலி நின்றால் வேறு யாரும் நுழைய முடியாது. பிறகு மடிக்கணினியை மேசையில் வைத்து, முத்திரையை நகத்தால் சுரண்டினாள். தலைவர் கையெழுத்தும் செயலாளர் கையெழுத்தும் ஒன்றாகக் கிழிந்து வந்தன. தன் கைப்பேசியின் சார்ஜரை எடுத்துச் செருகினாள். சிரமமே இல்லாமல் போனது. மெதுவாக ஏறினாலும் ஏறியது. ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தபோது அவளுக்குப் பயமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. இனி எந்த நேரமும் மடிக்கணினியைப் பிடுங்கிக்கொண்டு போகலாம். பேட்டி முடியும்வரையாவது விட்டால் போதும்.

விடவில்லை. பேட்டி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வசந்தனின் மோட்டார் வந்து நின்றது. ஜன்னல் வழியாக டார்ச் வெளிச்சம் மேசையில் விழுந்தது. "ஐயோ!" என்றார் வசந்தன், ஆள் செத்துக் கிடப்பதைக் கண்டவரைப் போல. படம் எடுத்து வாட்சப் குழுவில் போட்டார். 'முத்திரை உடைப்பு. உடனடி நடவடிக்கை தேவை.'

திரையில் பேட்டி எடுக்கும் பெண் தோன்றி வணக்கம் சொன்னபோது, வாசலில் இரண்டு கார்கள் அடுத்தடுத்து வந்து நின்றன. தலைவர் தம் ஆட்களோடு ஒன்றிலும், செயலாளர் தம் ஆட்களோடு மற்றதிலும் வந்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு வீரமுத்து உட்கார்ந்திருந்தார்.

"வீரமுத்தண்ணே, கொஞ்சம் தள்ளுங்க" என்றார் தலைவர். வீரமுத்து அவரைப் பார்த்தார். தள்ளிப்போக அவரால் முடியாது. தள்ளிவிட மற்றவர்களுக்குத் தைரியம் வரவில்லை.

"தலைவர் ஏன் உள்ளே போறதுக்கு அவசரப்படுறார்?" என்று செயலாளர் பின்னாலிருந்து கேட்டார். "தீர்மானம் இல்லாமல் பொருளை எடுத்தால் அதுக்குப் பேர் களவு. நாளைக்கு அந்தக் களவிலே என்ர பேரையும் சேர்ப்பியள்."

நியாயம்தான். வாசல் முன்னாலேயே அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் தொண்டையைச் செருமினார். "முத்திரைய ஒடச்ச மடிக்கணினிய பறிமுதல் செய்யணும்னு நான் முன்மொழியிறேன்."

அவருடைய ஆட்கள் வழிமொழியக் கை தூக்கினார்கள். முன்மொழிந்தவர் அணியைச் சேர்ந்தவரே வழிமொழிந்தால் செல்லாது என்று செயலாளர் எதிர்த்தார். அந்த விதியைப் போன மாதம் செயலாளருக்கு எதிராகக் கொண்டுவந்தவரே தலைவர்தான். இப்போது செயலாளரின் ஆட்கள் வழிமொழிய வேண்டும். அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

"அப்ப நானே முன்மொழியிறன்" என்றார் செயலாளர். "முத்திரை உடைக்கப்பட்ட மடிக்கணினியைப் பறிமுதல் செய்யவேணும்." ஒரு சொல் பிசகாமல் அதே தீர்மானம். தலைவரின் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். இதில் என்ன சூழ்ச்சி இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. புரியாததாலேயே சூழ்ச்சி இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

உள்ளே பேட்டி எடுத்த பெண், "இப்ப நான் கோவமா பேசுற ஒரு ஆம்பள கஸ்டமர். நீங்க சமாளிங்க, பாப்போம்" என்றாள். சொன்னபடியே கத்த ஆரம்பித்தாள். வெளியே தலைவரும் அதே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்.

மாதவி காதில் மாட்டியிருந்ததை அழுத்திக்கொண்டாள். "உங்க கோவம் நியாயந்தான் சார்" என்றாள் சத்தமாக.

வெளியே தலைவர் சட்டென்று அமைதியானார். "பாத்தீங்களா? பொம்பளப் புள்ளைக்கே தெரியுது" என்றார்.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கணும் சார். நீங்க சொன்ன எல்லாத்தையும் நான் கேட்டுக்கிட்டேன்."

செயலாளர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "அது எனக்குச் சொன்னது."

எந்தச் சார் என்ற விவாதம் எழுந்தது. அது சூடு பிடித்தபோது வீரமுத்து இடக்கையைத் தூக்கினார்.

"வழிமொழியிறாரு!" என்று தலைவர் துள்ளினார். "ஆயுட்கால உறுப்பினர்! எந்த அணியிலயும் இல்லாதவரு! வசந்தா, எழுதிக்க!"

மாதவிக்கு அது கேட்டது. திரையைப் பார்த்தபடி தட்டிக்கொண்டே இருந்தாள். எழுந்து ஓடவும் முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது.

"இடக்கை" என்றார் செயலாளர்.

"என்ன இடக்க?"

"தீர்மானத்துக்கு இடக்கை தூக்கின வழக்கம் சங்கத்திலே இல்லை. அதோட, இவரை முந்தியே வந்து நீங்கள் பழக்கிவைச்சியளோ எண்டும் எனக்குச் சந்தேகம். வாயாலே சொல்லட்டும்."

எல்லாரும் குனிந்து வீரமுத்துவின் வாயைப் பார்த்தார்கள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து உருப்படியாக ஒரு சொல் வந்ததில்லை. கழுத்து நரம்பு புடைக்க, உதடு ஒரு பக்கம் இழுக்க, வெகுநேரம் முயன்றார். பிறகு தெளிவாகச் சொன்னார்.

"போ."

"ஒங்களத்தான் போவச் சொல்றாரு" என்றார் தலைவர் செயலாளரிடம். "முதல்லே யாரைப் பார்த்துச் சொன்னவர் எண்டு வசந்தனைக் கேளுங்கோ" என்றார் செயலாளர். எழுதுகிறவர் பாடு திண்டாட்டமாயிற்று. 'போ' என்பதை ஆதரவு என்று எழுதுவதா, எதிர்ப்பு என்று எழுதுவதா, நடுநிலை என்று எழுதுவதா என்று வசந்தன் கேட்டார். இதற்கு ஒரு துணைக்குழு போடலாம் என்று யாரோ முன்மொழிந்தார்கள்.

உள்ளே அந்தப் பெண், "வெளிய என்னா சத்தம், மாதவி? சண்டையா?" என்று கேட்டாள்.

"இல்ல மேடம். கூட்டம்."

"தெனமும் இப்படியா? வேல பாக்க முடியுமா?"

"முடியும் மேடம். இங்க வளந்தவங்களுக்கு இதெல்லாம் காதுலயே விழாது."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். இவ்வளவு இரைச்சலில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாத ஆளை அன்றுதான் பார்க்கிறேன் என்றாள். அடுத்த வாரமே வேலையைத் தொடங்கலாம், நிறுவனமே மடிக்கணினியைச் சார்ஜரோடு வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று சொல்லி விடைபெற்றாள். மாதவி காதில் மாட்டியிருந்ததை எடுத்தாள். பிறகு சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டு, மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய் மாமனாரின் தலைக்கு மேலாக நீட்டினாள்.

"இந்தாங்க. எடுத்துட்டுப் போங்க. எனக்கு வேல கெடச்சிருச்சி."

யாரும் கை நீட்டவில்லை. வாங்குகிறவர்தான் முத்திரையைக் கிழித்தவர் என்று பேச்சு வரும். ஆனால் 'வேல' என்ற சொல் மெல்ல அவர்களுக்குள் இறங்கியது. தலைவரின் முகம் விழா மேடையில் இருப்பதைப் போல் மலர்ந்தது.

"கெடச்சிருச்சா? நம்ம மறுமலர்ச்சித் திட்டத்துலயா?"

"சங்கத்தின்ர முதல் வெற்றி" என்றார் செயலாளர். "சப்பை முனையாலே கிடைச்ச வெற்றி எண்டதையும் சேர்த்து எழுதவேணும்."

"அதெல்லாம் எழுதக்கூடாது. வசந்தா, மண்டபத்துலேருந்து பேனர எடுத்துட்டு வா. பொன்னாட இருக்கா பாரு. தாம்பாளத்துல சார்ஜர் வெச்சி, இந்தப் பொண்ணு அத சொருவுற மாதிரி ஒரு படம்."

"தாம்பாளத்திலே எந்தச் சார்ஜர்?" என்றார் செயலாளர்.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். மாதவி மடிக்கணினியை ஜன்னல் வழியாக வெளியே விளிம்பில் வைத்தாள். மாமனாரின் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே "எல்லாரும் கொஞ்சம் சிரிங்க" என்று வசந்தன் கெஞ்சுவது கேட்டது. மூடிய கதவின் முன்னாலாவது படம் எடுத்துக்கொள்வார்கள்; அதற்கு யார் நடுவில் நிற்பது என்பது சாயங்காலம்வரை போகும்.

அவள் மாமனாரின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"வேல கெடச்சிருச்சி மாமா. நீங்க எங்கயும் போவ வேணாம்."

கடைசி வார்த்தை அவளை அறியாமல் வந்துவிட்டது. வீரமுத்து திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். காப்பகப் பேச்சு அவருக்குத் தெரியாது என்று இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். அவர் கண்கள் நிரம்பி வழிந்ததைப் பார்த்த பிறகுதான், அன்று தேவன் அதைச் சொன்னபோது அவர் தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.